நோட்டுப் போட்டுப் படித்தேன், ஆப்ஷன் வியாபாரம்!

“உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?” என்றுதான் என் வீட்டுக்காரர் முதலில் கேட்டார். என் மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே, “சீட்டாட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துருச்சு” என்று மட்டும் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் படித்தது வீண் போகவில்லை. எப்படி என்று சொல்கிறேன்.

நான் பிளஸ் டூ வரைதான் படித்தவள். கணக்குப் பாடத்தில் தட்டுத் தடுமாறித் தேறியவள். மதுரையில் குடித்தனம். ஒரு பையன், ஒரு பெண். சிறுவாட்டுப் பணத்தில் 2019-லிருந்து அவ்வப்போது ஒன்றிரண்டு ஷேர் வாங்கி வைக்கும் பழக்கம் மட்டும் உண்டு. நாலு ஷேர் வாங்கினால் நாலு வருஷம் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

2023 ஆடியில் என் தம்பி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிடும்போதும் கையில் போன். “அத்தை, இது ஆப்ஷன். நீங்க நாலு வருஷம் காத்திருந்து வாங்குற லாபத்தை இதுல நாலு நாள்ல எடுக்கலாம்” என்றான். “நாலு நாள்ல விடவும் செய்யலாமில்ல?” என்று கேட்டேன். சிரித்து மழுப்பினான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான், இது என்ன சமாசாரம் என்று தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

ஆரம்பத்தில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. கால், புட், ஸ்ட்ரைக், பிரீமியம், எக்ஸ்பைரி என்று வீடியோவில் அவர்கள் பேசுகிற வேகத்துக்கு எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் அதை எனக்குப் புரிய வைத்தது நாங்கள் மனை வாங்கின கதைதான்.

மனை வாங்கும்போது அச்சாரம் கொடுத்து அக்ரிமென்ட் போடுகிறோம் அல்லவா? 20 லட்ச ரூபாய் மனை. 20,000 ரூபாய் அச்சாரம். மூன்று மாதக் கெடு. கெடுவுக்குள் மனை 22 லட்சத்துக்குப் போய்விட்டால், பேசிய 20 லட்சத்துக்கே கொடுக்க வேண்டியது மனைக்காரர் பொறுப்பு; நமக்கு அதிர்ஷ்டம். விலை 18 லட்சமாக இறங்கிவிட்டால் நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். அச்சாரம் போகும், அதற்கு மேல் நஷ்டமில்லை. இதுதான் கால் ஆப்ஷன். அச்சாரத்துக்குப் பிரீமியம் என்று பெயர், பேசிய விலைக்கு ஸ்ட்ரைக், கெடு தேதிக்கு எக்ஸ்பைரி. ஒரே ஒரு வித்தியாசம்: மனையில் அச்சாரம் கிரயத்தில் கழியும், இங்கே கழியாது. கொடுத்தது கொடுத்ததுதான்.

புட் ஆப்ஷன் என்பது வண்டிக்கு இன்ஷ்யூரன்ஸ் எடுக்கிற மாதிரி. விலை விழுந்தால் அதற்கு மதிப்பு. விழாவிட்டால் கட்டின பணம் போனது போனதுதான்.

எல்லோரும் அதிகமாக ஆடுவது நிஃப்டி ஆப்ஷனில். நிஃப்டி என்பது 50 பெரிய கம்பெனிகளின் ஷேர் விலைகளை ஒன்றாகப் பிசைந்து எடுத்த ஓர் எண். இந்த எண் ஏறுமா இறங்குமா என்பதன் பேரில் அச்சாரம். 2001 ஜூனிலிருந்து தேசியப் பங்குச் சந்தையில் இந்த வியாபாரம் நடக்கிறது. ஒன்றிரண்டாக வாங்க முடியாது, ‘லாட்’ கணக்கில்தான். நான் நோட்டுப் போட ஆரம்பித்தபோது ஒரு லாட்டுக்கு 50. பிரீமியம் 100 ரூபாய் என்று போட்டிருந்தால் நம் கையிலிருந்து போவது 5,000 ரூபாய்.

தனி கம்பெனி ஷேர்களிலும் ஆப்ஷன் உண்டு. அதன் பக்கமே நான் போகவில்லை. காரணம், 2019-லிருந்து அதில் கெடு நாளன்று லாபத்தில் நிற்கிற ஆப்ஷனை விற்காமல் வைத்திருந்தால் மொத்த ஷேரையும் பணம் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். லட்சக்கணக்கில் ஆகும். மறதிக்காரிக்கு அது ஒத்து வராது.

சரி, நேரத்துக்கு எங்கே போவது? மார்க்கெட் காலை 9.15 முதல் 3.30 வரை. பிள்ளைகள் போன பிறகு, திரும்பி வருவதற்கு முன்னால். பெண்களுக்கென்றே வைத்த நேரம் மாதிரி இருக்கிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். நடைமுறையில் அப்படி இல்லை. திறந்த முதல் அரைமணி நேரம்தான் விலை பேய் மாதிரி ஆடும். நமக்கு அப்போதுதான் துணி ஊறுகிறது, பாத்திரம் விழுந்து கிடக்கிறது, தண்ணீர் வருகிறது. போனைப் பார்த்துக்கொண்டே பாலைப் பொங்கவிட்டது இரண்டு தரம். மூன்றாம் தரம் மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அன்றே முடிவு செய்தேன்: மத்தியானம் சாப்பாடு முடிந்து 2.30 மணிக்கு இருபது நிமிஷம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பையனுடைய பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழிக்காமல் எடுத்துக்கொண்டேன். தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் ‘ஆப்ஷன் செயின்’ என்று ஒரு பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. நடுவில் ஸ்ட்ரைக் விலைகள், இடது பக்கம் கால், வலது பக்கம் புட். தினமும் அதிலிருந்து எழுதுவேன். தேதி, நிஃப்டி எங்கே நிற்கிறது, எந்த ஆப்ஷனை வாங்கியிருப்பேன், என்ன விலை, ஏன் ஏறும் என்று நினைக்கிறேன். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். கெடு முடிந்த பிறகு நிரப்புவேன். ஒரு பைசா போடவில்லை. எல்லாம் கடலை மிட்டாய்க் கணக்கு.

ஆறு மாதத்தில் 40 தரம் ‘வாங்கி’யிருந்தேன். கூட்டிப் பார்த்தால் அதிசயம்! ஏறும் இறங்கும் என்று நான் சொன்னதில் 22 தரம் சரியாகவே சொல்லியிருந்தேன். ஆனால் லாபம் வந்தது 13-ல்தான். மொத்தத்தில் நஷ்டம். சரியாகச் சொல்லியும் பணம் போனது எப்படி?

இதற்கு விடை எங்கள் ஊர் மல்லிகையில் இருந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் மொட்டாக இருக்கும்போது ஒரு விலை. மத்தியானம் வேறு விலை. சாயங்காலம் மலர்ந்து, ராத்திரி வாடத் தொடங்கிவிட்டால் கேட்பாரில்லை. பூவில் ஒரு குறையுமில்லை, நேரம்தான் போய்விட்டது. ஆப்ஷனும் இப்படித்தான் வாடுகிறது. நிஃப்டி அசையாமல் நின்றால்கூட, தினம் கொஞ்சம் விலை குறையும். கெடு நெருங்க நெருங்க வேகமாகக் குறையும். நிஃப்டி ஏறினால் மட்டும் போதாது. போதுமான அளவு ஏற வேண்டும், அதுவும் கெடுவுக்குள் ஏற வேண்டும். என்னுடைய 9 சரியான கணிப்புகளைத் தின்றது இந்த வாடல்தான்.

இன்னொன்றும் மல்லிகையிலேயே இருக்கிறது. பெரிய முகூர்த்த நாளுக்கு முதல் நாள் பூ விலை எகிறும். முகூர்த்தம் முடிந்த மறுநாள் சடாரென்று விழும். பட்ஜெட், தேர்தல் முடிவு, ரிசர்வ் வங்கி வட்டி அறிவிப்பு என்றால் அதற்கு முன்னால் பிரீமியம் இப்படித்தான் உப்பிக்கொள்கிறது. எல்லோரும் எதிர்பார்க்கிற நாளில் வாங்குகிறவர் முகூர்த்த விலை கொடுத்துத்தான் வாங்குகிறார்.

2024 பிப்ரவரியில் நிஜமாகவே இறங்கினேன். கணக்கில் ஆப்ஷன் வசதியைத் திறக்க வருமானச் சான்று கேட்டார்கள். இல்லத்தரசிக்கு ஏது சம்பளச் சீட்டு? டீமேட்டில் இருந்த என் ஷேர்களின் ஸ்டேட்மெண்டைக் காட்டி அனுமதி வாங்கினேன். வருஷத்துக்கு 10,000 ரூபாய், அது தீர்ந்தால் மறு வருஷம்தான் என்று ஒரு வரம்பு. நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினேன்: ‘இரட்டித்தால் விற்றுவிடு.’

முதல் சில மாதங்கள் சின்னச் சின்ன வரவு, சின்னச் சின்ன செலவு. சொல்ல ஒன்றுமில்லை. மே மாதக் கடைசிதான் விஷயம். பாராளுமன்றத் தேர்தல் முடிகிற சமயம். மே 31, வெள்ளிக்கிழமை. நிஃப்டி 22,530. ஜூன் 6, வியாழக்கிழமை கெடுவுள்ள 23,000 கால் ஒரு லாட் வாங்கினேன். அப்போது லாட் 25 ஆகியிருந்தது. பிரீமியம் 180. ஆக 4,500 ரூபாய். என் பெண்ணுக்குக் கொலுசு மாற்ற வைத்திருந்த சிறுவாட்டுப் பணம் அது.

சனிக்கிழமை மாலை கருத்துக்கணிப்புகள் வந்தன. திங்கட்கிழமை நிஃப்டி ஒரே நாளில் 733 புள்ளி ஏறியது. 23,263-ல் முடிந்தது. என் 180 ரூபாய் ஆப்ஷன் 400-ஐத் தாண்டி நின்றது. 4,500 போட்டது 10,000! சந்தோஷத்தில் என் வீட்டுக்காரரிடம் போனைக் காட்டினேன். “இரட்டிப்புக்கு மேலயே ஆயிடுச்சே, வித்துடலாம்ல?” என்றார். நான், “என்னங்க, நாளைக்குத்தான் எண்ணிக்கையே. நாளைக்கு இன்னும் ஏறும்” என்றேன். நோட்டின் முதல் பக்கம் அலமாரியில் மூடிக் கிடந்தது.

ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. அன்று 2.30 மணி வரை காத்திருக்கவில்லை, பத்து மணிக்கே பார்த்துவிட்டேன். நிஃப்டி கல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. நாள் முடிவில் 1,379 புள்ளி இறக்கம், 21,884. என் ஆப்ஷன் பத்துப் பன்னிரண்டு ரூபாயில் நின்றது. விற்றால் 300 ரூபாய்கூட வராது. விற்கவில்லை. புதன்கிழமை மார்க்கெட் மீண்டது. வியாழக்கிழமை இன்னும் ஏறி 22,821-ல் முடிந்தது. 23,000-க்கு 179 புள்ளி பாக்கி. கெடு முடிந்தது. என் பணம் பூஜ்யம்.

வயிற்றெரிச்சல் அதோடு தீரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை நிஃப்டி 23,290! திங்கட்கிழமை நின்ற இடத்துக்கே வந்து நின்றது. ஷேராக வைத்திருந்தவர்களுக்கு அந்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி. என் டீமேட்டில் இருந்த பழைய ஷேர்களும் பெரும்பாலும் பழைய விலைக்கே வந்திருந்தன. ஆப்ஷன் மட்டும் முந்தின நாளே செத்துப் போயிருந்தது. ஒரு நாள்!

மூன்று நாள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். நாலாம் நாள் அவரே கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். “4,500 தானே? சரி. உனக்கு நோட்டு இருந்துச்சு, வரம்பு இருந்துச்சு, அப்படியும் திங்கட்கிழமை நான் சொன்னதைக் கேக்கலை. நோட்டே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?” என்றார். கொலுசு தீபாவளிக்குத்தான் வாங்கினோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஆகஸ்ட் மாதம் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. எதிர்வீட்டில் ஒரு சின்னப் பெண். இரண்டு வயதுக் குழந்தை. கல்யாணத்துக்கு முன் வேலைக்குப் போனவள், குழந்தைக்காக விட்டவள். ஒரு மத்தியானம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “அக்கா, உங்களுக்கு இந்த ஆப்ஷன் எல்லாம் தெரியுமாமே?” என்றாள். கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.

போனில் ஏதோ ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறாள். ‘வீட்டிலிருந்தே தினம் 2,000 ரூபாய்’ என்று விளம்பரம். முதல் மூன்று நாள் அவர்கள் சொன்னபடி லாபம் வந்திருக்கிறது. செயினை அடகு வைத்து 60,000 எடுத்தாள். கெடு நாளன்று மத்தியானம், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஆப்ஷனை இரண்டு மூன்று ரூபாய்க்கு அள்ளி வாங்கச் சொல்வார்களாம். ‘ஹீரோ-ஜீரோ’ என்று அதற்குப் பெயர். ராத்திரி பத்து மணிக்கு வாடின மல்லிகையை மூட்டையாக வாங்கி, யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருப்பது போலத்தான். பதினோரு நாளில் 41,000 போயிருந்தது. புருஷனுக்குத் தெரியாது.

“மிச்ச 19,000-ஐ வெச்சு எப்படியாவது எடுத்துடலாம்னு சொல்றாங்கக்கா. ஆப்ஷனை வாங்குறவங்கதான் தோப்பாங்களாம், விக்கிறவங்க ஜெயிப்பாங்களாம். விக்கக் கத்துத் தரேங்கிறாங்க” என்றாள்.

எனக்குத் திக்கென்றது. அவள் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் ஆபத்து. ஆப்ஷனை விற்கிறவருக்குப் பிரீமியம் கைக்கு வரும், தினமும் நடக்கிற வாடல் அவருக்கு லாபம். மாதா மாதம் வாடகை வருகிற மாதிரி இருக்கும். ஆனால் அவர்தான் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி. ஜூன் 4 மாதிரி ஒரு நாள் வந்தால், வாங்கினவருக்கு அச்சாரத்தோடு போகிறது. புட் விற்றவருக்கு மாதக்கணக்கில் சேர்த்த வாடகையும் போய், வீடும் போகலாம். அதனால்தான் ஒரு லாட் நிஃப்டி ஆப்ஷனை விற்க லட்ச ரூபாய்க்கு மேல் ஈடு கேட்கிறார்கள். 19,000-ஐ வைத்துக்கொண்டு அங்கே போக வழியே இல்லை. “அப்ப அவங்க இன்னும் கடன் வாங்கச் சொல்வாங்க, பாரு” என்றேன். ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம்.

என் நோட்டை எடுத்து ஜூன் பக்கத்தைக் காட்டினேன். ஆலோசனை சொல்கிறவர் யாராக இருந்தாலும், பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கிற ‘செபி’ அமைப்பில் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணை செபி இணையதளத்தில் நாமே சரி பார்க்கலாம். கேட்டுப் பார் என்றேன். கேட்டாள். அன்று சாயங்காலமே அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அதைவிடக் கஷ்டமான காரியம் அவள் புருஷனிடம் சொல்வது. நானும் என் மாமியாரும் கூடப் போனோம். அந்தத் தம்பி கத்தினார், பிறகு அழுதார். என் மாமியார்தான் பேசினார்கள். “நகை போனா மீட்டுக்கலாம்யா. புள்ளை சொன்னாளே, அதைப் பாரு” என்றார்கள். மிச்சப் பணத்தை அடகுக் கடையில் கட்டி, பாக்கியை ஏலச்சீட்டு எடுத்து, மறு வருஷம் தைக்கு செயின் கழுத்துக்கு வந்தது.

அடுத்த மாதமே, 2024 செப்டம்பரில், செபி ஒரு கணக்கை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷத்தில் இந்த வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரி 2 லட்ச ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்கள் 100-க்கு ஒருவர். 2023-24-ல் மட்டும் பார்த்தால் ஆண்களில் 100-க்கு 92 பேர் தோற்றார்கள், பெண்களில் 86. பெண்கள் கொஞ்சம் தேவலை என்று என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். “அந்த 86-ல நீயும் ஒருத்தி” என்றார்.

நவம்பரிலிருந்து விதிகளை இறுக்கினார்கள். ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 15 லட்சமாக இருக்க வேண்டும் என்றார்கள். நிஃப்டி லாட் 75 ஆயிற்று. அதாவது, பிரீமியம் 100 ரூபாய் என்றால் 7,500 வேண்டும். என் வருஷ வரம்பு ஒரே ஒரு தரத்துக்குத்தான் காணும். ‘சரி, என் ஷேர்களுக்கு இன்ஷ்யூரன்ஸாக ஒரு புட்டாவது வாங்கலாமா’ என்று பார்த்தேன். என்னிடம் இருப்பது ஒன்றரை லட்ச ரூபாய் ஷேர். ஒரு தலைக்குக் கல்யாணப் பந்தல் போடுகிற கதை. விட்டுவிட்டேன்.

இன்னொரு விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்த லாப நஷ்டம் வருமான வரிக் கணக்கில் ஷேர் விற்ற லாபம் மாதிரி இல்லை. தொழில் வருமானமாகக் காட்ட வேண்டும், அதற்குப் படிவமே வேறு. என் சில ஆயிர ரூபாய் வியாபாரத்துக்கு ஆடிட்டருக்குக் கொடுத்தது தனி. போதாததற்கு, பல தரகர்கள் வாங்க 20 ரூபாய், விற்க 20 ரூபாய் என்று எடுக்கிறார்கள். வரி வேறு. நோட்டில் ‘சில்லறை’ என்று ஒரு கட்டம் போட்டுத்தான் இது தெரிந்தது.

இப்போது நான் பணம் போட்டு வாங்குவதில்லை. நோட்டு மட்டும் தொடர்கிறது. பேப்பரில் ‘மார்க்கெட் விழுந்தது’ என்று படித்தால் என்ன நடந்தது என்று தெரிகிறது. பிளஸ் டூவில் பிடிபடாத சதவீதக் கணக்கு இப்போது வாயிலேயே வருகிறது. என் பையன் பி.காம். சேர்ந்திருக்கிறான். அவன் பாடத்தில் ஆப்ஷன் வந்தபோது என்னிடம் மனை அக்ரிமென்ட் கதையைக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டு போனான்.

எதிர்வீட்டுப் பெண்ணும் 2.30 மணிக்கு வருகிறாள். குழந்தை தூங்கிவிடும் நேரம் அது. அவளுக்கும் ஒரு நோட்டு, ஒரு பைசா கிடையாது. 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டி கெடு செவ்வாய்க்கிழமைக்கு மாறிவிட்டதால், செவ்வாயன்று கடைசிக் கட்டத்தை நிரப்புவோம். போன ஜனவரியில் ஒரு நாள் என் கணக்கை எட்டிப் பார்த்தவள், “அக்கா, என்ன நீங்க இன்னும் 75-லயே பெருக்கிக்கிட்டு இருக்கீங்க? இந்த வருஷத்திலேர்ந்து லாட் 65. சுற்றறிக்கையைப் பாக்கலையா?” என்றாள். நான் அந்த மாதம் முழுக்க எழுதினதை ரப்பர் வைத்து அழித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெருக்கிச் சொன்னாள்.